என் ஐந்து பேரில் நீ ஏன் இல்லை

மகனே,

சாப்பிட்டாயா, உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். கேட்டுப் பயனில்லை. மூன்று வாரமாக நீ என் போனை எடுப்பதில்லை. உன் அம்மா கூப்பிட்டால் எடுக்கிறாய், காதர் மாமா கூப்பிட்டால் எடுக்கிறாய். அதனால் நீ சாப்பிடுவது எனக்குத் தெரியும்; உங்கள் விடுதிப் பொங்கலில் அரிசி ஒரு பக்கமும் பருப்பு ஒரு பக்கமும் நிற்பது வரைக்கும் தெரியும். தெரியாதது என்னைப் பற்றித்தான். எழுதிப் பார்த்தாலாவது பிடிபடுமா என்று உட்கார்ந்திருக்கிறேன். பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருடத்தோடு நின்ற ஆள் நான். அதற்கப்புறம் எழுதியதெல்லாம் எத்தனை பெட்டி திராட்சை, எத்தனை தார் வாழை என்கிற லோடு சீட்டு மட்டும். முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சென்னை வங்கி அணியின் கோச் உன்னைக் கூப்பிட்டிருக்கிறார். தங்க இடம், சாப்பாடு, காலையும் மாலையும் பயிற்சி. வேலை எப்போது கிடைக்கும், கிடைக்குமா என்பதை அவராலேயே சொல்ல முடியவில்லை. போவதானால் இன்ஜினியரிங்கை இரண்டாம் வருடத்தோடு விட வேண்டும். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். நீ என்னிடம் கேட்டாய். நான் வாயைத் திறக்கவில்லை. பெரியகுளத்தில் மே மாதம் நடந்ததையும் இதையும் சேர்த்து, அப்பாவுக்கு நான் பந்து விளையாடுவதே பிடிக்கவில்லை என்று நீ முடிவு கட்டிவிட்டாய். அது தப்பு. ஆனால் சரி எது என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

இதை நீ அறை நண்பர்களுக்கு வாசித்துக் காட்டினாலும் காட்டுவாய். அவர்களுக்கும் புரியட்டும் என்று உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். பெரியகுளத்தில் வருடாவருடம் கோடையில் கூடைப்பந்துப் போட்டி நடக்கும். வங்கி, ரயில்வே, போலீஸ், ராணுவம் என்று நாடெங்கும் இருந்து அணிகள் வரும். தொண்ணூற்றாறில், நீ பள்ளிக்கூடம் சேருவதற்கு முந்திய கோடையில், நானும் உத்தமபாளையத்தில் கடிகாரக் கடை வைத்திருக்கும் காதரும் கேலரியில் உட்கார்ந்து ஒரே அணிக்குக் கத்திக்கொண்டிருந்தோம். இரண்டாம் நாளே சலித்துவிட்டது. காதர் சொன்னார்: "மாப்ள, ரெண்டு பேரும் ஒரே டீமுக்குக் கத்துனா அதுக்குப் பேரு பஜனை மடம். வந்திருக்க அத்தனை டீமையும் கலைச்சுப் போடுவோம். நீ ஒரு அஞ்சு பேரு எடு, நான் ஒரு அஞ்சு பேரு எடுக்குறேன். யாரு ஆளுக கூடப் பாயிண்டு போடுறாகளோ அவன் கெட்டி." அண்ணன் தம்பி நிலம் பிரிப்பது மாதிரிப் பிரித்ததால் அதற்குப் பங்கு என்று பெயர் வைத்தோம். எந்த அணி கோப்பையை வாங்கியது என்பது அதற்கப்புறம் எங்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. ரயில்வேக்காரனும் போலீஸ்காரனும் மைதானத்தில் முட்டிக்கொள்வார்கள். இரண்டு பேரும் என் பங்கில் இருந்தால் நான் இரண்டு பேருக்கும் கத்துவேன். பக்கத்தில் இருப்பவர்கள் எங்களைப் பார்த்து நகர்ந்து உட்காருவார்கள்.

வருடம் போகப் போக விதிகள் சேர்ந்தன. போன வருடம் தோற்றவனுக்கு முதல் கை. பெரியகுளம் போகிற என் லோடு வண்டி சின்னமனூரைத் தாண்டியதும் எடுக்க ஆரம்பிக்க வேண்டும், தேனி வருவதற்குள் முடிக்க வேண்டும். பிரித்தால் பிரித்ததுதான், நடுவில் மாற்றக் கூடாது. இதையெல்லாம் விட முக்கியமான விதி, அடுத்தவன் பங்கில் இருக்கிற ஆளுக்குக் கை தட்டக் கூடாது. ஒரு வருடம் என் ஆள் பாதி மைதானத்திலிருந்து எறிந்து போட்டதைப் பார்த்துக் காதர் எழுந்து நின்று கை தட்டிவிட்டார். "ஒங்க ஆளுக்கு நீங்களே துரோகம் பண்றீகளா?" என்று நான் பிடித்துக்கொண்டேன். அன்றிலிருந்து தட்டினால் அபராதம், இரண்டு பேருக்கும் பரோட்டா அவன் செலவு. கிறுக்குத்தனம்தான். ஆனால் ஊரில் வேறு எதற்குமே நான் இவ்வளவு ஒழுங்காக விதி பார்த்தது கிடையாது.

போட்டி முடிந்தால் பங்கு முடியாது என்பதும் உனக்குத் தெரியும். வருடம் பூராவும் பேச்சு. பாயிண்டில் யார் ஜெயித்தார்கள் என்பது வேறு. என் ஐந்து பேரும் அவர் ஐந்து பேரும் நிஜமாகவே ஒரு மைதானத்தில் மோதினால் யார் ஜெயிப்பார்கள் என்பதுதான் சண்டை. கடையில் லென்ஸைக் கண்ணில் மாட்டிக்கொண்டே பேசுவார். நான் நெட்டையர்களாக எடுப்பேன். "ஒன் ஆளு குனிஞ்சு பந்தை எடுக்கிறதுக்குள்ள என் ஆளு போட்டுட்டு டீ குடிச்சிட்டு வந்துருவான்" என்பார். நான் பாயிண்டு போடுகிறவர்களாகப் பார்த்து எடுப்பேன். "அஞ்சு பேரும் மாப்பிள்ளையா ஒக்காந்துட்டா பந்தியில பரிமாறுறது யாருடா?" என்பார். நீ அந்தக் கடை ஸ்டூலில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுத்தான் வளர்ந்தாய். எந்த அப்பாவும் பிள்ளையைக் கூடைப்பந்துக்கு இப்படிப் பழக்கியிருக்க மாட்டான். பந்தைக் கையில் தொடுவதற்கு முன்னாடியே ஒரு ஆட்டக்காரனை எப்படி மட்டம் தட்டுவது என்று உனக்குத் தெரியும்.

இந்த வருடம் உள்ளூர் அணியில் உன்னைச் சேர்த்தார்கள். நீ முன்னாடியே பெரியகுளம் போய்விட்டாய். நானும் காதரும் வழக்கம்போல வண்டியில் கிளம்பினோம். போன வருடம் தோற்றது நான், அதனால் முதல் கை என்னுடையது. சின்னமனூர் தாண்டியதும் காதர் சொன்னார்: "ம், எடு மாப்ள." அவர் முகத்தில் ஒரு சிரிப்பு. நான் முதலில் உன் பெயரைத்தான் சொல்வேன் என்று நினைத்திருக்கிறார். நான் சொன்னேன்: "வங்கி டீம் நெட்டையன்." அவர் சிரிப்பு அப்படியே நின்றது. ரயில்வேயின் இடதுகைக்காரனை எடுத்தார். நான் அடுத்த ஆள், அவர் அடுத்த ஆள். வீரபாண்டித் திருவிழாக் கூட்டத்தில் வண்டி மாட்டிக்கொண்டது. தீச்சட்டி எடுத்தவர்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். அங்கேதான் என் ஐந்தாவது கை வந்தது. போலீஸ் அணியில் ஃபவுலுக்குக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோவை மட்டும் ஒழுங்காகப் போடும் ஒருவனைச் சொன்னேன்.

"முடிஞ்சதா?"

"முடிஞ்சது."

"யோசிச்சுக்க மாப்ள. தேனி இன்னும் வரல."

"முடிஞ்சதுங்கிறேன்ல."

காதர் ஜன்னலுக்கு வெளியே ராட்டினத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அப்ப என் அஞ்சாவது ஆளு என் மருமகன்."

"எந்த மருமகன்?"

"எனக்கு எத்தனை மருமகன் கோர்ட்டுல ஓடுறான்? ஒன் பிள்ளைதான்டா. அவன் வெளையாடுற வருசம் பங்குல பேரு விடுபட்டுப் போகலாமா?" ராட்டினத்தை விட்டுத் திரும்பி அவரே சொன்னார்: "வேணும்னா மாத்திக்குவோம். அந்தப் போலீஸ்காரனக் குடு, பிள்ளைய நீ வச்சுக்க. யாருக்குத் தெரியப் போகுது." நான் சொன்னேன்: "பிரிச்சா பிரிச்சதுதான்." அந்த நேரத்தில் எனக்கு அது பெரிய நேர்மை மாதிரித் தெரிந்தது. வண்டி நகர்ந்ததும் நகர்ந்துவிட்டோம் என்று ஒரு நிம்மதி வேறு. எதற்கு நிம்மதி என்று இப்போது யோசிக்கிறேன், பிடிபடவில்லை.

அப்புறம் நடந்தது நீ பார்த்தது. ரயில்வேயோடு நடந்த ஆட்டம். கடைசி நிமிடத்தில் இரண்டு பாயிண்டு பின்னால் நின்றோம். பந்து உன் கையில். நீ பாஸ் கொடுப்பாய் என்று கேலரி முழுக்க எதிர்பார்த்தது, ரயில்வேக்காரனும் எதிர்பார்த்தான். நீ கொடுக்கவில்லை. மூன்று பாயிண்டுக் கோட்டுக்கு வெளியே நின்று எறிந்தாய். வளையத்தில் பட்டு, ஒரு தடவை மேலே எழும்பி, உள்ளே விழுந்தது. கேலரியே எழுந்துவிட்டது. காதர் துண்டைச் சுழற்றிக்கொண்டு என் தோள் மேல் ஏறாத குறை. உன் அம்மா அன்றைக்குத்தான் முதல் தடவை மேட்ச் பார்க்க வந்தவள், அதுவரை இரண்டு பக்கத்துக்கும் கை தட்டிக்கொண்டிருந்தாள்; அவளும் எழுந்துவிட்டாள். நான் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ மேலே பார்த்தாய். முதலில் காதரைப் பார்த்தாய், அப்புறம் என்னை.

உன் அம்மா கேட்டாள்: "ஏங்க, நீங்க மட்டும் ஏன் எழவு வீட்டுக்கு வந்தவுக மாதிரி ஒக்காந்திருக்கீக?" பங்கு விதியைச் சொன்னேன். "பெத்த பிள்ளைக்குக் கை தட்டக் காதரண்ணன்கிட்ட அனுமதி வாங்கணுமா?" என்றாள். "நான் எப்ப ஆத்தா வேணாம்னேன்?" என்று காதர் அந்தப் பக்கமிருந்து கத்தினார். "நானே பரோட்டா வாங்கித் தர்றேன், தட்டித் தொலைடா." தட்டவில்லை. அப்போது தட்டியிருந்தால் எல்லோரும் சொல்லித் தட்டியது மாதிரி ஆகிவிடும் என்று ஒரு வீம்பு. அதுவும் இருந்தது, அது மட்டும்தானா என்று தெரியவில்லை.

வண்டிப் பக்கம் நீ வந்தாய், தலையெல்லாம் வேர்வை. காதர் உன்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "மருமகனே, நீ என் பங்குடா" என்றார். அப்போதுதான் உனக்குத் தெரிந்தது. நீ என்னைப் பார்த்துக் கேட்டாய்: "அப்பா, நீங்க என்னய எடுக்கலயா?" நான் சொன்ன பதில் இது: "நீ பாயிண்டு போடுற ஆளு இல்லயேடா." ஒரு பிள்ளை வாழ்க்கையிலேயே பெரிய பாயிண்டைப் போட்டுவிட்டு வந்து நிற்கும்போது சொல்கிற பேச்சா அது? நீ சண்டை போடவில்லை. "ஒரு பரோட்டாதானப்பா. நான் வாங்கித் தந்திருப்பேன்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு உன் ஆட்களோடு போய்விட்டாய். போட்டி முடிந்து கோச் உன்னைக் கூப்பிட்ட செய்தியோடு வீட்டுக்கு வந்து, "நீங்க என்னப்பா சொல்றீக?" என்று நீ கேட்டபோதும் நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "சரி, இதையும் காதர் மாமாகிட்டயே கேட்டுக்கிறேன்" என்று பையைத் தூக்கிக்கொண்டு மதுரைக்குப் பஸ் ஏறிவிட்டாய்.

ஏன் எடுக்கவில்லை? எனக்கு நானே நிறையக் காரணம் சொல்லிப் பார்த்தேன். நீ பாஸ் கொடுக்கிற ஆள், எங்கள் பங்கில் பாயிண்டுக்குத்தான் மதிப்பு, அதனால் எடுக்கவில்லை. இது நல்ல காரணம். ஆனால் அந்த ஃப்ரீ த்ரோ போலீஸ்காரனும் அப்படி ஒன்றும் கிழித்துவிடவில்லையே. சரி, கண் பட்டுவிடும் என்று பயந்தேன். அதுவும் இல்லை; உனக்குப் பத்தாம் வகுப்பு மார்க் வந்தபோது அனுமந்தன்பட்டி முழுக்க வண்டியை நிறுத்தி நிறுத்திச் சொன்னவன் நான். பிள்ளைப் பாசத்தில் எடுத்தான் என்று காதர் கேலி செய்வார் என்று கூசினேனா? காதர்தான் நான் எடுக்க வேண்டும் என்று தவம் கிடந்தாரே. உன்னை எடுத்தால் நீ நிஜமான ஆட்டக்காரன் என்று நானே ஒப்புக்கொண்டது ஆகிவிடும், அப்புறம் படி படி என்று உன்னிடம் சொல்ல முடியாது. இது கொஞ்சம் பக்கத்தில் வருகிறது. ஆனால் படி என்று நான் உன்னிடம் எப்போதடா சொன்னேன்?

இதில் கொடுமை, இந்த வருடம் பங்கில் ஜெயித்தது நான். உன்னை விட்டதால்தான் ஜெயித்தேன். அந்த ஒரு ஆட்டத்தைத் தவிர நீ போட்டது சொற்பம், காதரின் ஐந்து பேரில் கடைசி நீதான். கணக்குப்படி நான் செய்தது சரி. பந்து தெரிந்தவன் எவனைக் கேட்டாலும் சரி என்றுதான் சொல்வான். சரியாகச் செய்தவன் ஏன் இதையே திருப்பித் திருப்பிக் கணக்குப் பார்க்கிறான்? தப்பு செய்தால் என்ன பண்ணுவது என்று எனக்கு நன்றாகத் தெரியும், பழக்கம் இருக்கிறது. சரியாகச் செய்துவிட்டு முழிப்பது இதுதான் முதல் தடவை.

போன வாரம் கடைக்குப் போனேன். வருகிற நேரம் பார்த்துக் காதர் வழக்கமான கேள்வியைப் போட்டார்: "பாயிண்டுல நீ கெட்டி, ஒத்துக்கிறேன். ஒன் அஞ்சு பேரும் என் அஞ்சு பேரும் நெசமா மோதுனா?" வழக்கம்போல எகிற வாயைத் திறந்தேன். அப்போதுதான் உறைத்தது. என் ஐந்து பேரும் பந்தை வாங்குகிறவர்கள். கொடுக்க ஒருவன்கூட இல்லை. அவர் பக்கம் நீ இருக்கிறாய். போலீஸ் ஆட்டத்தில் பார்க்காமலே முதுகுக்குப் பின்னால் தள்ளிவிட்டாயே, அதைச் சொன்னேன். ராணுவத்தோடு ஆடும்போது இரண்டு பேர் நடுவில் தரையில் தட்டி விட்டதைச் சொன்னேன். நீ கொடுத்து உன் ஆள் வாங்கத் தெரியாமல் வெளியே விட்டது, நீ அவன் முதுகில் தட்டிக்கொடுத்தது, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். காதர் லென்ஸைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுக் கேட்டார்: "அசையாம ஒக்காந்திருந்த பய இம்புட்டையும் எப்படிடா பாத்த?" "கடையச் சாத்துங்க, டீ குடிப்போம்" என்றேன்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். என்னைக் கேட்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. படிப்பை விட்டால் என்ன கதி ஆகும் என்பதற்கு உன் சித்தப்பா என்னைத்தான் காட்டுகிறார். "அந்தா பாரு, அண்ணன் மாதிரி தார் தூக்கப் போறியா?" என்று உன்னிடமே சொன்னாராமே. படிப்பை விட்டும் ஒருத்தன் நன்றாகத்தான் இருக்கிறான் என்பதற்குக் காதரும் என்னைத்தான் காட்டுகிறார். ஒரே ஆளை இரண்டு பேரும் அவரவர் பங்கில் எடுத்துக்கொண்டால் அந்த ஆள் எந்தப் பக்கம் ஓடுவான்? நான் படிப்பை விட்டது எப்படி என்று உனக்கு இதுவரை சொன்னதில்லை. ஊரில் வாத்தியார் திட்டினார் என்று சொன்னேன், உன் அம்மாவிடம் வீட்டில் கஷ்டம் என்று சொன்னேன். ஒன்றும் இல்லை. ஒரு நாள் காலையில் பஸ் பாலிடெக்னிக் வாசலில் நின்றது, எல்லோரும் இறங்கினார்கள், நான் இறங்கவில்லை. கண்டக்டர், "தம்பி, ஒங்க ஸ்டாப்பு" என்றார். "இல்லண்ணே" என்றேன். வத்தலக்குண்டு வரை போய் ஒரு சர்பத் குடித்துவிட்டுத் திரும்பினேன். மறுநாளும் இறங்கவில்லை. அவ்வளவுதான் காரணம். வகுப்பில் உட்கார முடியவில்லை, எழுந்து போகவும் இடம் இல்லை. உன் கதை அப்படி இல்லை. நீ ஒன்றுக்காக விடப் பார்க்கிறாய், நான் ஒன்றுக்காகவும் விடவில்லை. ஒன்றுக்காக விடுவதுதான் மேல் என்று வாய் வரைக்கும் வருகிறது. ஆனால் சும்மா விட்டவனுக்கு ஏமாற எதுவும் கிடையாது. நீ போய், அங்கே வேலையும் கிடைக்காமல், முழங்காலும் போனால்? அதை நினைத்தால் இரு என்று சொல்லத் தோன்றுகிறது. இருந்து, பரீட்சை எழுதி, எங்கேயோ ஒரு கம்பெனி வாசலில் பஸ்ஸை விட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தால்? அதை நினைத்தால் போ என்று சொல்லத் தோன்றுகிறது.

இத்தனை வருடம் காதரோடு தொண்டை வறளப் பேசியதில் எனக்கு ஒன்று மட்டும் தெரியும். மோதவே போகாத இரண்டு அணிகளில் எது ஜெயிக்கும் என்பதை யாராலும் சொல்ல முடியாது. சொல்கிறவன் தெரிந்து சொல்வதில்லை, சத்தமாகச் சொல்கிறான். நான் அப்படித்தான் நிறைய வருடம் ஜெயித்தேன். படித்து முடித்த நீயும் பந்தோடு போன நீயும் எந்த மைதானத்திலும் எதிரெதிரே நிற்கப் போவதில்லை. அதனால் யார் வந்து உறுதியாகச் சொன்னாலும், அது சித்தப்பா ஆகட்டும், கோச் ஆகட்டும், நான் ஆகட்டும், சத்தத்தைக் கழித்துவிட்டு மிச்சம் என்ன இருக்கிறது என்று பார். இதற்கு மேல் புத்தி சொல்ல எனக்குத் தெரியாது. சொல்லாமல் நின்றது பிடிக்காமல் அல்ல, தெரியாமல். அதைத் தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரு அப்பா அப்படிச் சொல்லலாமா கூடாதா என்பதுகூட எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை காலையில் மதுரை மார்க்கெட்டில் திராட்சையை இறக்கிவிட்டு உன் விடுதிக்கு வருகிறேன். உன் அம்மாவும் வருகிறாள். போவது என்றால் பெட்டியைக் கட்டி வை, அங்கேயிருந்து நேராகச் சென்னைக்கு நானே ஓட்டுகிறேன். இந்த வண்டி அவ்வளவு தூரம் போனதில்லை, போகும். இருப்பது என்றால் எதையும் கட்டாதே, மூன்றாம் வருடப் பணம் கையில் கொண்டு வருகிறேன், ஆபீஸில் கட்டிவிட்டுச் சாப்பிட்டுவிட்டுத் திரும்புகிறோம். எது என்று முன்னாடியே போனில் சொல்லிவிடாதே, என்னிடமும் வேண்டாம், உன் அம்மாவிடமும் வேண்டாம். சொன்னால் ஆண்டிபட்டிக் கணவாய் ஏறுவதற்குள் எதிர்த்துப் பேச நூறு காரணம் கண்டுபிடித்துவிடுவேன். நீ எதைச் சொன்னாலும் கண்டுபிடிப்பேன், என்னைத் தெரியும் உனக்கு. நான் ஒன்றும் தெரியாமலே வருகிறேன். விடுதி கேட்டுக்கு வெளியே நின்று ஹாரன் அடிப்பேன். பெட்டியோடோ வெறுங்கையோடோ, கீழே இறங்கி வா.

உன் அப்பா